பதினொன்று பீட்டா

இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும், இருபது நிமிடம், குழந்தை அசைகிற ஒவ்வொரு தடவையும் இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள் சிஸ்டர் லில்லி புஷ்பம். அவ்வளவுதான் வேலை. பியூலா தன் முப்பத்தைந்து வயதில் இதைவிடக் கஷ்டமான வேலைகளை அலட்டிக்கொள்ளாமல் செய்தவள். எழுபது பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில், மைக் இல்லாமல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தின பீரியடில் உயிர்வேதியியல் நடத்துகிறவளுக்கு ஒரு பொத்தானை அழுத்துவது பெரிய காரியமா. ஆனால் அழுத்துவதற்குக் குழந்தை அசைய வேண்டுமே. வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகள் கட்டியிருந்தார்கள், ஒன்றில் இருந்த வட்டத் தகடு வழியாகக் குழந்தையின் இதயம் இயந்திரத்துக்குள் போய் டுக்கு டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது, எங்கேயோ அவசரமாகப் போகிற மாதிரி, அம்மாவை விட்டுவிட்டுப் போகிற மாதிரி. இயந்திரத்தின் முகத்தை வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பார்க்க விட்டால் தாய்மார்கள் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பதறுகிறார்களாம். பார்க்க விடாவிட்டால் பதற மாட்டார்கள் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ. காகிதம் மட்டும் கரகரவென்று வெளியே வந்து தரையை நோக்கித் தொங்கியது, கட்டம் போட்ட காகிதம், பிராக்டிகல் நோட்டில் ஒட்டுகிற கிராஃப் தாள் மாதிரியே இருந்தது, ஆனால் கோடு இந்தப் பக்கம் தெரியவில்லை. அசைய மாட்டேனென்கிறது. காலையில் அசைந்ததா. காலையில் ஆறு மணிக்குப் பால் காய்ச்சும்போது ஒரு புரளல் புரண்டது, அது புரளல்தானா, வாயுவா. எட்டாம் மாதத்தில் வாயுவுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத அம்மா. பொத்தானை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள், பிறகு மாற்றக் கூடாதோ என்று பழைய கைக்கே கொண்டுவந்தாள்.

அரைமணி நேரத்துக்கு முன்னால், இதே கட்டிடத்தில், கீழ்த்தளத்தில், டாக்டர் சண்முகவடிவு அவளுடைய காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு நூறு. சிறுநீரில் புரதம் இல்லை. பொட்டாசியம் மட்டும் தரையில் கிடக்கிறது, இரண்டு புள்ளி எட்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் பியூலாவின் முகத்தைப் பார்க்காமல் கன்னத்தைப் பார்த்தார், கன்னத்துக்குள் எதுவோ ஒதுங்கி இருப்பதைப் பார்த்தார், வாயில் என்ன என்று கேட்டார். பியூலா கைக்குட்டையில் துப்பிக் காட்டினாள். ஒரு விரற்கடை அதிமதுரக் குச்சி, நார் நாராக மென்று, மஞ்சளாக. தொண்டைக்கு டாக்டர், வகுப்பு எடுக்கணுமே. எத்தனை வருஷமாக. ஒன்பது வருஷமாக. இப்போது எவ்வளவு. மசக்கை நேரத்தில் வாந்திக்குச் சுகமாக இருந்ததால் தினம் நாலைந்து குச்சி, ராத்திரிப் பாலில் பொடி. டாக்டர் சண்முகவடிவு கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கினார். பிறகு, நீங்கள் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார், கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் இன்னும் குத்தியது. உயிர்வேதியியல் என்று சொல்லும்போதே பியூலாவுக்கு விளங்கிவிட்டது, வாயிலிருந்து வார்த்தை முழுசாக வெளியே வருவதற்குள் அந்த அம்புக்குறி, வருஷம் தோறும் பிப்ரவரியில் கரும்பலகையில் அவள் தன் கையால் போடுகிற அம்புக்குறி, அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. இடது பக்கம் கார்ட்டிசால். வலது பக்கம் கார்ட்டிசோன். நடுவில் அம்பு. அம்பின் தலைக்கு மேல் பதினொன்று பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸ், இரண்டாம் வகை. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பதால் அவளே அதற்கு ஹாஸ்டல் வார்டன் என்று பெயர் வைத்திருந்தாள். கார்ட்டிசால் என்பது நாம் பயப்படும்போதும் பதறும்போதும் ரத்தத்தில் ஏறுகிற சரக்கு, இந்த வார்டன் வாசலில் நின்று அதன் பதினொன்றாவது கார்பனைப் பிடித்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடும், கழற்றிவிட்டால் அது வெறும் கார்ட்டிசோன், சத்தம் போடாத பண்டம். சிறுநீரகத்தில் ஒரு வார்டன் நிற்கும், அது தூங்கிவிட்டால் உப்பு தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் வெளியே ஓடிவிடும். இன்னொன்று எங்கே நிற்கும், யார் சொல்வது, பின் பெஞ்சு சொல்லட்டும். நஞ்சுக்கொடியில் நிற்கும் மேடம். எதற்கு நிற்கும். அம்மாவின் பயம் பிள்ளைக்குப் போகாமல் இருக்க நிற்கும் மேடம். வெரி குட், உட்காரு. இந்த வார்டனைத் தூங்க வைக்கிற பொருள் ஒன்று உண்டு, அதன் பெயர் என்ன. லிக்கரிஸ் மேடம். வெரி குட்.

லிக்கரிஸ். ஒன்பது பிப்ரவரியாகச் சொல்லியிருக்கிறாள். புத்தகத்தில் அதற்கு ஒரு கறுப்பு மிட்டாயின் படம் போட்டிருந்தார்கள், வெளிநாட்டில் எவனோ ஒருவன் பை பையாக அந்த மிட்டாயைத் தின்று கைகால் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன கதையும் இருந்தது, அதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், நம்ம ஊர்ல இதெல்லாம் யாருட்டி திங்கா, பரீட்சைக்கு வந்தா எழுதுங்க என்பாள், சொல்லிவிட்டுத் தொண்டை கம்முகிறதே என்று மேஜையில் இருக்கிற கைப்பையைத் திறந்து ஒரு குச்சி எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அதே வகுப்பில். அம்புக்குறிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு. அதிமதுரம் என்பது நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தருவது, சளிக்கு, இருமலுக்கு, பாட்டுப் பாடுகிறவர்களுக்கு. லிக்கரிஸ் என்பது நாலாம் செமஸ்டரில் வருவது, ஐந்து மதிப்பெண். இரண்டும் ஒரே வேர் என்று அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும், யாராவது நிறுத்திவைத்துக் கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அவளும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை. படித்ததெல்லாம் கல்லூரிக் கேட்டோடு நின்றுவிடும் போலிருக்கிறது, வீட்டுக்கு வருவது சேலையில் ஒட்டிய சாக்பீஸ் தூள் மட்டும்தான். முனைவர் பட்டம் வேறு. வாசலில் முனைவர் என்று போட்டுப் பெயர்ப்பலகை வேறு. பியூலாவுக்குத் தன்னைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும்.

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், பொட்டாசியம் சிரப் எழுதித் தருகிறேன், இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், பிள்ளை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், மேலே போய் ஒரு தடவை துடிப்பை மட்டும் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். பெரும்பாலும். இந்தப் பெரும்பாலும் என்கிற வார்த்தையை அவளே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள், பெரும்பாலும் பாஸ் ஆகிவிடுவாய் என்று. பிறகு டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் பயப்படாமல் இருக்கணும், அதுதான் இப்போதைக்கு மருந்து. பயப்படாமல். சரி. பயப்பட்டால் கார்ட்டிசால் ஏறும். ஏறினால் வாசலில் வார்டன் இல்லை, குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது, எட்டு மாதமாக அவளே தித்திப்பு கொடுத்துத் தூங்க வைத்துவிட்டாள். அப்படியானால் இப்போது படுகிற ஒவ்வொரு பயமும் நேராக உள்ளே போகிறது, அந்த டுக்கு டுக்குக்குள் போகிறது. அதனால் பயப்படக் கூடாது. பயந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அதுவும் பயம்தான், அதுவும் கணக்கில் சேரும். வேறு எதையாவது நினைக்கலாம் என்று ஜெபம் சொல்லிப் பார்த்தாள், பாதியில் அது மன்னிப்புக் கேட்பதாக மாறிப் போயிற்று, மன்னிப்புக் கேட்டால் எதற்குக் கேட்கிறோம் என்று ஞாபகம் வருகிறது, நிறுத்தினாள். இருபது அமினோ அமிலங்களைச் சொன்னாள், கிளைசின், அலனின், வாலின், ஏழாவதில் சிக்கிக்கொண்டது, எப்போதும் சிக்காத இடம். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்றது. அந்த டக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடப் பார்த்தாள், டுக்கு டுக்கும் டக்கும் ஒத்துப் போகவில்லை, ஒத்துப் போகாதது ஒரு மாதிரி இருந்தது. எட்டு மாதத்தில் எத்தனை தடவை பயந்தோம் என்று மனம் தானாகவே தேடத் தொடங்கிவிட்டது. துறைத் தலைவியோடு டைம்டேபிளுக்குச் சண்டை போட்ட நாள். வண்ணார்பேட்டையில் பஸ் சறுக்கின நாள். ஐந்தாம் மாதம் முழுவதும். ஐந்தாம் மாதம் முழுவதும் அவள் விரல் நுனியில் நடந்தாள், ஏனென்றால் போன தடவை ஐந்தாம் மாதத்தில்தான்.

அங்கே போகாதே என்று தன்னை இழுத்துப் பார்த்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் போன பிள்ளைக்குக் காரணம் தெரியவில்லை என்று வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தார், பல நேரம் இப்படிக் காரணம் இல்லாமலும் நடக்கும் என்றார். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதுதான் அவள் படித்த படிப்பு, ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நடமாடப் பழகினாள். பழகாதவன் ஜெபசிங்தான். அவள் வீட்டுக்காரன், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், எங்கே வயர் கருகினாலும் எந்த இணைப்பில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கிறவரை சாப்பிட மாட்டான். பிள்ளை போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சமாதானபுரத்து வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதித்தது, அதுதான், தான்தான் என்று முடிவு கட்டிவிட்டான். அப்படி இல்லை என்று டாக்டரே சொன்னார், பியூலாவும் சொன்னாள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மூன்று மாதம் அந்த வேகத்தடை வந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான், பின்னால் யாரும் உட்கார்ந்திராத வண்டியை. அந்த ஜெபசிங்தான் சனிக்கிழமை தவறாமல் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவன். குச்சியை ஒடித்து, நுனியைக் கடித்து, பழைய சரக்கா புதுச் சரக்கா என்று பார்த்து வாங்குவான். அவளுக்குத் தொண்டை கட்டினால் அவனுக்கு மூச்சு முட்டும். ராத்திரிப் பாலில் பொடியைக் கலக்கிக் கட்டிதட்டாமல் ஆற்றித் தருவதும் அவன்தான். போன தடவையும் அவன்தான் ஆற்றித் தந்தான். போன தடவையும். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நின்றுவிடுகிறது, பிறகு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு இதே இடத்துக்குத்தான் வருகிறது. போன தடவை அத்தனை குச்சி இல்லையே, இரண்டுதான். இரண்டு போதாதா. பொடி உண்டே. அப்போது ரத்த அழுத்தம் சரியாக இருந்ததே. சரியாகத்தான் இருந்ததா, யார் பார்த்தார்கள். தெரியாது. தெரியவே போவதில்லை, பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியாத கேள்வி. அவன் இப்போது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். டாக்டர் சொல்லும்போது அவன் பக்கத்தில் இல்லை, ஃபாரம் பூர்த்தி செய்யப் போயிருந்தான். அவனிடம் சொல்ல வேண்டாம். குச்சி திகட்டுகிறது, பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடலாம். அவனுக்கு எதற்கு. ஒரு வேகத்தடைக்கே மூன்று மாதம் என்றால், இதற்கு ஆயுசு பத்தாது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள், முடிவு செய்துவிட்ட நிம்மதி மட்டும் வரவில்லை.

சிஸ்டர் லில்லி புஷ்பம் திரையை விலக்கித் தலையை நீட்டி அசைவு வந்ததா மேடம் என்று கேட்டாள். பியூலா இல்லை என்றாள். பிள்ளை தூங்குது போல, ஜூஸ் குடிங்க, எழும்பிரும் என்று ஒரு சின்னப் பொட்டலத்தில் மாம்பழ ஜூஸைக் குழாய் குத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். படுத்தபடி உறிஞ்சினாள். இன்னொரு தித்திப்பு. பாதிக்கு மேல் இறங்கவில்லை. இன்னும் எத்தனை நிமிடம் இருக்கும். அசைவே இல்லாத காகிதம் ஒன்று அவள் பெயர் போட்டுக் கீழ்த்தளத்துக்குப் போகும், டாக்டர் சண்முகவடிவு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், பெரும்பாலும் என்கிற வார்த்தை காணாமல் போகும். அப்போதுதான் அவள் விரல் அழுந்தியது. டிக். அசைவு எதுவும் இல்லை. சும்மா இருந்தது வயிறு. கை தவறி அழுந்திவிட்டது என்று சொல்லிக்கொண்டாள், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கை தவறியது, டிக், அப்புறம் ஒன்று. ஒரே மாதிரி இடைவெளியில் வந்தால் சந்தேகம் வரும் என்று நாலாவதைச் சற்றுத் தள்ளிப் போட்டாள். அதைச் செய்யும்போதுதான் ராபியத்தின் முகம் ஞாபகம் வந்தது. இரண்டாம் ஆண்டு ராபியத், அமிலேஸ் பரிசோதனைக்கு சீனியர் நோட்டிலிருந்து எண்களை எடுத்து மூன்றாம் தசமத்தை மட்டும் மாற்றி எழுதினவள், இவள் கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தாள். அந்தப் பெண் அழவில்லை, வராத ரீடிங்கை நான் எங்க போய்க் கொண்டுவர மேடம் என்று கேட்டாள். திமிர் என்று அன்றைக்கு நினைத்தாள். இந்த நாலு டிக்கும் ஒரு காகிதத்தில் இருக்கும், அதைப் பார்த்து யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்பார், அவளும் போவாள், உள்ளே ஒரு பிள்ளை தன்னால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும், அதற்கு இருக்கிற ஒரே வாய் இந்தப் பொத்தான்தான், அதையும் அவள் பொய் பேச வைத்துவிட்டாள். குச்சியைத் தெரியாமல் தின்றாயிற்று, இதைத் தெரிந்தே செய்கிறாள்.

சிஸ்டர் வந்து காகிதத்தைக் கிழித்து, இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். நாலு தடவை அழுத்தியிருக்கீங்களே, நல்லது என்று பட்டையை அவிழ்க்கக் குனிந்தாள். பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"சிஸ்டர், அந்த நாலும் பொய். ஒண்ணும் அசையல. நானா அழுத்துனேன்."

சிஸ்டர் லில்லி புஷ்பம் கோபப்படுவாள் என்று பார்த்தால், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் மேடம், பொத்தானை நாங்க பெருசா எடுத்துக்கிடுறதில்ல, துடிப்புக் கோடுதான் சொல்லும், பிள்ளை அசைஞ்சா ஏறும் என்றாள். காகிதத்தைத் திருப்பி முதல் தடவையாகப் பியூலாவுக்குக் காட்டினாள். பொத்தான் அழுத்தினதற்கு விழுந்த நாலு அம்புகள், நாலின் அடியிலும் கோடு சமமாகப் போனது, குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன்னால், அவள் எதையும் அழுத்தாத ஓர் இடத்தில், கோடு சின்ன மேடாக ஏறி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கியிருந்தது. இங்கன அசைஞ்சிருக்கு, உங்களுக்குத்தான் தெரியல என்றாள் சிஸ்டர். எப்போது, எதை நினைத்துக்கொண்டிருந்தபோது என்று பியூலா தேடிப் பார்த்தாள், பிடிபடவில்லை. அவள் அங்கே போகாதே இங்கே போகாதே என்று தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அது தன் பாட்டுக்குக் காலை நீட்டியிருக்கிறது. ஒண்ணு போதாது, ரெண்டு வேணும், இன்னொரு இருபது நிமிஷம் போடுதேன் என்று சிஸ்டர் பட்டையை இறுக்கினாள். பியூலா தன் வீட்டுக்காரரை உள்ளே விட முடியுமா என்று கேட்டாள். ஆம்பிளைகளை விடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்த சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் இல்லாம இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்ல வேண்டாம் என்று எடுத்த முடிவு எங்கே போயிற்று என்று பியூலா யோசிக்கவில்லை. பொய் ரீடிங்கின் மேல் இன்னொரு பொய் ரீடிங்கை எழுத அவளுக்குத் தெம்பு இல்லை.

ஜெபசிங் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தான். ஸ்டூலில் பாதி உட்கார்ந்தான். டுக்கு டுக்குச் சத்தம் கேட்டு இதுவா என்று கண்ணால் கேட்டான், அவள் இதுதான் என்று தலையாட்டினாள். பிறகு சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள், அதிமதுரம் என்று சொன்னாள், கரும்பலகை, அம்பு, வாசல், வார்டன், எல்லாம் வகுப்பில் சொல்கிற வரிசையிலேயே, ஆனால் ரொம்பச் சின்னக் குரலில். நான் தெரிஞ்சிருக்கணும், எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும் என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் தரையில் தொங்குகிற காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடத்துக்கு அவன் ஒரே எட்டில் வந்துவிட்டான்.

"அப்ப மொதப் பிள்ளைக்கும்?"

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது."

"நாந்தானே வாங்கிட்டு வந்தேன்."

"நாந்தானே தின்னேன்."

அந்த வேகத்தடைப் பேச்சுக்கு அப்புறம் அந்தப் பிள்ளையைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசினது இந்த நாலு வரிதான். அவன் தோள் குலுங்கியது, சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து சத்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டான். அவள் அவன் முழங்காலில் கையை வைத்தாள், பொத்தான் பிடித்திருந்த கை. கொஞ்ச நேரம் கழித்து அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அவள் விரல்களிலிருந்து கழற்றி எடுத்தான்.

"நீ கண்ண மூடிக் கெட. நான் பாத்துக்கிடுதேன்."

"பிள்ள அசைஞ்சா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ சொல்லு. நான் அழுத்துதேன்."

அவள் கண்ணை மூடினாள். பயம் போகவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. மின்விசிறி டக்கென்றது. வராந்தாவில் யாரோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஜெபசிங் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, மூக்கு அடைத்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. வலது விலாவுக்குக் கீழே, வாயு அல்ல, சந்தேகமே இல்லை, ஒரு குதிகால் மெதுவாக நெட்டி முறிக்கிற மாதிரி நீண்டு வந்து முட்டி நின்றது. இயந்திரத்தில் டுக்கு டுக்கு வேகம் பிடித்து ஏறியது.

"இப்ப," என்றாள்.

அவன் அழுத்தினான். ஒரு தடவை அழுத்தினால் போதும், விட்டுவிடுங்கள் என்றாள். அவன் விரலை எடுக்கவில்லை.